காணிக்கைப் பெட்டிக்கு எதிரே: லெந்துகால நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலமாகிய லெந்துகாலத்தின் முதல் ஞாயிறாகிய இன்று, தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் ஐசுவரியவான்கள் மிகுதியாகப் போட, இரண்டு காசை மட்டும் போட்ட ஏழை விதவையே எல்லாரிலும் அதிகமாகப் போட்டாள் என்று இயேசு சொன்னதைக் குறித்துச் செய்தி கேட்டோம். "அவளே கொடுத்தாளே, நீங்கள் கொடுக்கக் கூடாதா?" என்று பிரசங்கியார் இந்தப் பகுதியை முடிக்கும்போதெல்லாம் என் மனம் அதற்கு இசைவதில்லை. மாற்கு சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னே, விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டுப் பார்வைக்காக நீண்ட ஜெபம் செய்கிற வேதபாரகரை, அதாவது நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறவர்களை, குறித்து இயேசு கடுமையாக எச்சரிக்கிறார். அந்த எச்சரிப்பு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டுப் போகிறாள். ஆகையால், இல்லாதவர்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்குவதற்கு அவளைச் சாட்சியாக நிறுத்துவது, ஆண்டவர் கண்டித்த அதே பாவத்துக்கு அவருடைய வார்த்தையையே துணைக்கு அழைப்பதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பகுதி முதலாவது வசதியுள்ளவர்களிடம் பேசுகிறது. அவளிடம் இரண்டு காசு இருந்ததால், ஒன்றைப் போட்டு ஒன்றை வைத்துக்கொள்ள அவளுக்கு வழி இருந்தது. ஐசுவரியவான்கள் போட்டதையும் அவள் போட்டதையும் பார்த்த ஆண்டவர், கொடுத்தபின் ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு மீந்திருந்தது என்பதைக் கணக்கில் எடுத்தார். நாளைய தினத்துக்காக நாம் எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்பது அந்த மீதியில்தான் தெரியவரும்.

மார்ச் 12, புதன்

"உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்ற வசனத்தை இன்று நெடுநேரம் தியானித்தேன். பொக்கிஷம் முன்னே போக, இருதயம் அதன் பின்னே போகிறது. அப்படியானால், ஏழைகளின்மேல் இரக்கம் சுரக்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. கொடுக்கத் தொடங்கினால் அவர்களைப் பற்றிய அக்கறையும் வளரத் தொடங்கும்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய ஏற்பாட்டின் மல்கியா 3:10 பல சபைகளில் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் போலவே அறிவிக்கப்படுகிறது. வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகத்தைக் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறந்து ஆசீர்வாதம் பொழியும், ஆகவே கொடுங்கள் என்கிறார்கள். வாக்குத்தத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் லாபத்தை எதிர்பார்த்துக் கொடுப்பவன் தேவனை நம்புகிறானா, லாபத்தை நம்புகிறானா? அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தில், கூலிக்காரருடைய கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாயிருப்பேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். வேலைக்காரருக்குச் சேரவேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு காணிக்கைத் தட்டில் தாராளம் காட்டுகிறவரைப் பார்த்து இந்த வசனத்தை வாசிக்கிற பிரசங்கியார் மிகச் சிலரே. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கண்டித்ததும் இதற்காகவே.

மார்ச் 21, வெள்ளி

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த தொடக்ககால மெதடிஸ்டுகளில் ஒருவரைப் பற்றித் தம் பிரசங்கம் ஒன்றில் குறிப்பிடுகிறார். அது வெஸ்லியே என்பது பலருடைய கருத்து. அந்த மனிதருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனபோதும் 28-இலேயே வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 90 ஆனபோது 62, 120 ஆனபோது 92.

முதல் ஆண்டில் அவர் கொடுத்தது தசமபாகத்துக்கும் குறைவு. நான்காம் ஆண்டில் அது வருமானத்தின் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. பத்தில் ஒன்று என்ற அளவுகோலை மட்டும் பிடித்திருந்தால், முதல் ஆண்டில் அவரைக் குற்றப்படுத்தியிருப்போம்; நான்காம் ஆண்டில் 12 பவுண்டோடு நிறுத்திக்கொள்ள அனுமதித்திருப்போம். அவரோ போதுமானது எது என்பதை வருமானம் உயருமுன்பே தீர்மானித்துவிட்டார். சம்பளம் கூடக்கூடத் தேவைகளும் கூடுவது இயல்பென்று எல்லாரும் எண்ணுகிற உலகத்தில், இந்தத் தீர்மானம் எனக்குப் பெரிய விசுவாச அறிக்கையாகத் தோன்றுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் சேர்த்த தர்மப்பணத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மக்கெதோனியா சபையார் அவரை வேண்டிக்கொண்டார்கள். அவர்கள் கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். முதலாவது தங்களையே கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தவர்களுக்குப் பணத்தை விடுவது அதன் பிறகு கடினமாக இருக்கவில்லை.

அதே அதிகாரத்தில், அந்தப் பணத்தைப் பற்றி எவரும் தம்மைக் குற்றப்படுத்தாதபடிக்கு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரனையும் தம் உடன் ஊழியனாகிய தீத்துவோடு அனுப்புவதாகப் பவுல் எழுதுகிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்கிறார். கொடுக்கிறவருடைய விசுவாசத்தைச் சோதிக்கிற பணம், அதைப் பெற்றுச் செலவிடுகிறவருடைய விசுவாசத்தையும் சோதிக்கும். ஏழைகளுக்கென்று சேரும் நிதியின் வரவுசெலவைச் சபையார் அனைவர் முன்னும் வாசிக்கவேண்டும் என்று அடுத்த சபைக்குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.