மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். முதல் பாடம் நிலை மின்னியல். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகளை (கண்டென்சர்) தொடராகவும் பக்கமாகவும் இணைத்தால் மொத்தத் தேக்குதிறன் என்ன என்ற கணக்கை என் மாணவர்கள் பிசகில்லாமல் போடுகிறார்கள். அதே பிள்ளைகளின் வீட்டில் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போன் பறக்கிறது. தாங்கள் கணக்குப் போட்ட மின்தேக்கிதான் தலைக்கு மேலேயும் தொங்குகிறது என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்து மின்விசிறியே அப்படி நின்றது. ஒரு மாணவியை மேசைமேல் ஏறச் சொல்லி, மரக்குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிடச் சொன்னேன். உடனே சுற்றத் தொடங்கியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, தொடக்க உந்துதல்தான் இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்றின் மின்னோட்டத்தைக் கட்டம் மாற்றி, அதாவது மற்றதோடு ஒரே நேரத்தில் ஏறி இறங்காதபடி, தருவது மின்தேக்கி. அது வலுவிழந்தால் விசிறி தானாகக் கிளம்பாது. மெயினை அணைத்து, பழையதில் தேங்கியிருந்த மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, 2.5 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை மாட்டினோம். விலை 100 ரூபாய்கூட இல்லை.

அன்று அதிக நேரம் பிடித்தது ஒயரின் தோலை உரிப்பதற்குத்தான். முதலில் ஒயரே துண்டாகி விழுந்தது. அடுத்து, செம்பு இழைகளில் பாதி அறுந்தன. உள்ளே இருக்கும் இழைக்குக் கீறல் விழாமல் மேலுறை மட்டும் கழன்று வர எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எந்தப் பாடநூலாலும் சொல்லித்தர முடியாது. கட்டைவிரலுக்குப் பிடிபட்ட பிறகு மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு ஒயர் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

அதனால்தான் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. திருப்புளியைக் கையில் எடுத்தால் 'தொடாதே, ஷாக் அடிக்கும், போய்ப் படி' என்று விரட்டியது யார்? ஒன்றைக் கழற்றிக் கெடுத்துப் பார்க்காமல் யாருக்கும் கைவேலை வந்ததில்லை. என் அப்பா தலைமுறையில் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அதன் ஒவ்வொரு மரையும் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று பிள்ளையின் கையில் இருக்கும் கைப்பேசியின் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வருகிறது. நம் நாட்டிலும் 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கழற்றத் தெரிந்த கை இல்லையென்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மோட்டாரை மின்னணுச் சுற்றுப்பலகை இயக்கும் புதிய பி.எல்.டி.சி. விசிறிகள் பழையவை எடுக்கும் மின்சாரத்தில் பாதிகூட எடுப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் சுற்றுப்பலகை போனால் பெரும்பாலும் பலகையையே மாற்றச் சொல்கிறார்கள். குறைந்தது, கோளாறு பலகையிலா, ஒயர் இணைப்பிலா என்று பார்க்கவாவது தெரிய வேண்டாமா?

மிக்ஸி விஷயம் இன்னும் எளிது. மாவு கெட்டியாகி மோட்டார் திணறினால், சுருள் எரியாமல் காக்க ஓவர்லோடு ஸ்விட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். பல மிக்ஸிகளில் அடிப்பக்கம் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சற்று ஆறவிட்டு, அதை அழுத்தினால் போதும். இது தெரியாமல் மிக்ஸியைப் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிப் போகும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இந்த ஆண்டு ஆய்வகத்தில் ஒரு மேசையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். வீட்டுப் பரணில் ஓடாத மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். திருப்புளியும் டெஸ்டரும் நான் வாங்கிவிட்டேன்.