டிக்கோயாவில் எட்டு மாதம்

பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, சபை ஊழியத்துக்காக நானும் அவரும் இலங்கை மலைநாட்டில் உள்ள டிக்கோயா வந்து எட்டு மாதம் ஆகிறது. காலை ஐந்தரைக்கு ஜெபம், அப்புறம் தேத்தண்ணி. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மலையிலிருந்து இறங்கும்வரை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆளிருக்காது. அதனால் எங்கள் நாள் தொடங்குவதே மாலையில்தான். அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். நான் வீடு வீடாகப் போவேன்.

நேற்று கடைசி வீட்டு அம்மா கோதுமை ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல் நுனியெல்லாம் கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து, வெடித்திருந்தது. ஜெபிக்க அந்தக் கையைப் பிடித்தேன். “எங்க தாத்தாவும் ஒங்க ஊருப் பக்கந்தான் டீச்சரம்மா. அங்க ஆறு இருக்காமே?” என்றார். தாமிரபரணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருட்டிவிட்டது.

தோட்டத் தமிழருக்காக 1854இல் மிஷன் தொடங்கியபோது, முதல் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்துதான் வந்தார்கள். அப்போது இங்கே தேயிலை இல்லை, கோப்பிக்காலம். தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் அவர்கள். எனக்கு ஒரு ஏற்றம் ஏறினாலே முழங்கால் வலிக்கிறது. அவர்களை நினைக்காத நாளில்லை.

ஞாயிற்றுக்கிழமை 1878இல் கட்டிய வார்லி கல் தேவாலயம் வரை நடந்தோம். கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். பேரன் நினைவு வந்து அவர் பேசாமல் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

நாளை அந்த அம்மாவுக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுபோக வேண்டும், விரலுக்கு.