நமக்கு இது காணும்

பதவி உயர்வு சர்க்குலர் வருகிற மாதம் எந்த வங்கிக் கிளையிலும் காற்றே மாறிவிடும். சாப்பாட்டு நேரத்தில் பேச்சு குறையும். யார் விண்ணப்பிக்கிறார்கள், யாருக்கு மேலிடத்தில் நல்ல பெயர், ஜெயித்தால் எந்த மாநிலத்துக்குத் தூக்கிப் போடுவார்கள் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். 2013-ல் அந்த சர்க்குலர் வந்தபோது நான் ஸ்கேல் த்ரீ, முதுநிலை மேலாளர். எல்லாத் தகுதியும் இருந்தது. விண்ணப்பிக்கவில்லை. 2024-ல் ஓய்வு பெறும்வரை அப்புறம் ஒரு வருடமும் விண்ணப்பிக்கவில்லை.

கேட்டவர்களிடம் மனைவியின் பள்ளிக்கூட வேலை, அம்மாவின் உடல்நிலை என்று சொன்னேன். இரண்டும் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. அது என் மனைவிக்கும் எங்கள் சபைப் போதகரான சேகரத்து ஐயருக்கும் மட்டுமே தெரியும்.

என் அப்பா உபதேசியார், சர்ச் ஊழியர். தேரிக்காட்டுப் பக்கம், செம்மண்ணும் பனையுமாக இருந்த ஒரு சின்ன ஊரில் கோயில் மணி அடிப்பது முதல் ஜெபக்கூட்டம் நடத்துவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் மிகவும் குறைவு. அம்மா உலையில் போட அரிசியை உழக்கில் அளப்பாள். அளந்த பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் தனிப் பானையில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. அது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். சில நாள் உழக்கில் மிச்சம் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். "இதுலயும் ஏம்மா எடுக்க?" என்று கேட்பேன். "நமக்கு இது காணும்லா" என்பாள். எங்கள் பக்கம் காணும் என்றால் போதும் என்று பொருள். அந்தச் சொல்லை நான் வெறுத்தேன். என் வீட்டில் யாரும் அதைச் சொல்லக் கூடாது என்று பத்து வயதிலேயே முடிவு செய்துவிட்டேன்.

1988-ல் பி.எஸ்.ஆர்.பி. என்ற வங்கிப் பணியாளர் தேர்வு எழுதி ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பித்தளை டோக்கனும் தடித்த லெட்ஜருமாக இருந்த காலம். சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் துறைத் தேர்வுகளுக்கு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும்தான் படித்தேன். 1996-ல் ஆபீசர் ஆனேன். ஒடிசாவில் மூன்று வருடம், ஆந்திராவில் மூன்று வருடம், பிறகு தமிழ்நாடு. 2010-ல் ஸ்கேல் த்ரீ. ஒவ்வொரு உயர்வுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு, கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "கர்த்தர் என்னை வாலாக்காமல் தலையாக்கினார்." உபாகமம் 28-ல் உள்ள வாக்குத்தத்தம். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி எச்சரிப்பு என்பது எனக்குத் தெரியும், பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனாலும் பதின்மூன்றாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

2012 மார்ச்சில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிளைக்கு நான் மேலாளர். இயர் எண்டிங். டெபாசிட், கடன், வாராக்கடன் வசூல் எல்லாவற்றுக்கும் மேலாக இன்சூரன்ஸ் பாலிசி விற்கும் டார்கெட். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும். "இன்னைக்கு எத்தனை?" இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. அந்த வாரம் ஒரு பெண் வந்தார். கணவர் லாரி விபத்தில் இறந்து, கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய இழப்பீட்டுத் தொகை. ஃபிக்சட் டெபாசிட்டில் போட வேண்டும் என்றார். மகள் பதினொன்றாம் வகுப்பு, அவள் படிப்புக்கு என்றும் சொன்னார். நான் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தேன். "டெபாசிட்டைவிட இதுல நல்லா வரும்மா" என்று சொல்லி, ஒரு லட்ச ரூபாயை யூனிட் லிங்க்டு பாலிசியில், பங்குச் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும் காப்பீட்டில், போடவைத்தேன். வருடாவருடம் கட்ட வேண்டிய பாலிசி அது. படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. வாயால் நான் சொல்லவில்லை. அவர் ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாள்களில் நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பிரசாரத்தில் எங்கள் கிளைக்கு ஷீல்டு கிடைத்தது.

அடுத்த வருடம் மார்ச்சில் அவர் திரும்ப வந்தார். கையில் பிரீமியம் நோட்டீஸ். "சார், இந்த வருஷமும் ஒரு லட்சம் கட்டணும்னு போட்டிருக்கு. ஒரு தடவைன்னுதான சார் நெனச்சேன்?" கோபமே இல்லை. தான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்ற கூச்சம்தான் அந்தக் குரலில் இருந்தது. பாலிசியைத் திருப்பிக் கொடுக்க அப்போது இருந்த 15 நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கட்டாமல் விட்டால் அதற்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் தருவார்கள். மகளுக்கு நர்சிங் சேர இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் செய்ய முடிந்தது கல்விக் கடன் மட்டும்தான். நான்கு லட்சம்வரை பிணை கேட்கத் தேவையில்லை, அதைப் போட்டுக் கொடுத்தேன். "நல்லா இருப்பீங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சொந்தப் பணம் இருந்த ஒருவரை நானே கடன்காரராக்கி, அதற்கு வாழ்த்தும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே மேல போகணும்னா இதையே இன்னும் பெரிசாச் செய்யணும், அப்படித்தான?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லா மேலதிகாரிகளும் இப்படிச் செய்துதான் மேலே போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நேர்மையாக உயர்ந்தவர்களை எனக்குத் தெரியும். என்னால் அது முடியாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தலையாக வேண்டும் என்ற ஆசை என்னை எதுவரை கொண்டுபோகும் என்று பார்த்துவிட்டேன்.

விண்ணப்பிக்காமல் விட்டதும் மனம் லேசாகிவிட்டது என்று சாட்சி சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. முடிவுகள் வந்த அன்று, என்னோடு கிளார்க்காகச் சேர்ந்த நண்பர் ஸ்கேல் ஃபோர் ஆனார். வாழ்த்துச் சொல்ல போனை எடுத்து மூன்று முறை கீழே வைத்தேன். சில வருடத்தில் அவர் ஏ.ஜி.எம்., உதவிப் பொது மேலாளர், ஆனார். கோயில் வாசலில் மச்சான் முறையில் ஒருவர், "இன்னும் மேனேஜர்தானா?" என்று கேட்டது ஒரு வாரம் உள்ளே எரிந்தது. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மற்றவர்கள் உலகத்தின் பின்னால் ஓடுகிறார்கள், நான் விட்டுவிட்டேன் என்ற எண்ணம். ஜெபத்தில்கூட அது வந்து உட்கார்ந்துகொள்ளும். விட்டதையே ஒரு பதவி மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார்: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது ரம்மியமாக இருக்கிறது என்போமே, அதே ரம்மியம், மனதுக்குள். ஆனால் ஒருநாள் என் கண் நின்றது அந்தச் சொல்லில் அல்ல, அதற்கு அடுத்த சொல்லில். கற்றுக்கொண்டேன். எனக்கு அருளப்பட்டது என்று அவர் எழுதவில்லை. அந்தக் கடிதத்தைக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார், அதற்குள் அவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்! நானோ, அது ஒரே மாதத்தில் வரவில்லையே என்று கர்த்தரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கற்றுக்கொண்ட இடம் ஸ்ட்ராங் ரூம். அதைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று மேலாளரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். காலையில் இருவரும் சேர்ந்து திறப்போம். கேஷியர் அன்றைய பணத்தை எடுத்து எண்ணும்வரை நான் நிற்க வேண்டும். பத்து நிமிடம் ஆகும். பழைய நோட்டும் இரும்புமாக ஒரு வாசனை, ஒரு டியூப்லைட், வரிசையாக நகைக்கடன் பைகள். அந்தப் பத்து நிமிடத்தில் 131-ஆம் சங்கீதத்தை மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றே வசனம். "பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை." அடுத்த வசனத்தில் பால்மறந்த குழந்தை வருகிறது. அதை அழகான படம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க எங்கள் ஊரில் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். இரண்டு மூன்று நாள் பிள்ளை கத்துகிற கத்தில் தெருவே தூங்காது. அதற்கப்புறம்தான் அது அதே மடியில், பாலுக்காக இல்லாமல், தாய்க்காக உட்காரப் பழகும். எனக்குத் தடவப்பட்ட வேப்பிலை அந்தப் பெண்ணின் பிரீமியம் நோட்டீஸ் என்று ஒரு காலையில் நின்றுகொண்டிருக்கும்போது தோன்றியது. அதற்குப் பிறகும் நான் கத்தினேன். ஆனால் எதற்காகக் கத்துகிறேன் என்று தெரிந்து கத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. போதும் என்ற மனம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் கூலியைக் குறைக்க அதை எடுக்கக் கூடாது. எங்கள் கிளையைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைத்த அண்ணன் பதினோரு வருடமாகத் தினக்கூலி. அவர் கூலியைக் கூட்டிக் கேட்டபோது, ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி, எங்கள் சபைக்காரர்தான், "போதுமென்கிற மனது வேணும்பா" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அறுத்த வேலைக்காரருடைய கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. நான்கு முறை கடிதம் எழுதினேன். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு சம்பள விகிதத்தில் அவரை எடுத்தார்கள். அது போதாது என்றுதான் இன்றும் சொல்வேன்.

2015-ல் நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமக் கிளைக்கு மாற்றல் வந்தது. டோனாவூர் அங்கிருந்து பக்கம். ஆதரவற்ற பிள்ளைகளை அங்கே வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்து, ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1951-ல் அங்கேயே இறந்தார். கடைசி இருபது வருடம் பெரும்பாலும் படுக்கைதான். தன் கல்லறையில் கல் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஷீல்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பரணில் போட்டேன்.

2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு. மறுநாள் வங்கி விடுமுறை. பத்தாம் தேதி காலை ஆறரை மணிக்கே வாசலில் கூட்டம். ஒரு ஆளுக்கு நாலாயிரம்தான் மாற்றித் தரலாம், எங்களிடம் இருந்த சில்லறையோ மதியத்துக்கே காணாது. பீடி சுற்றுகிறவர்கள், வாழைத்தார் சுமக்கிறவர்கள், பேறுகாலத்துக்கு மகளைச் சேர்த்திருந்த ஒரு அம்மா. நான் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, யாருக்கு அவசரம் என்று கேட்டேன். கூட்டமே அந்த அம்மாவை முன்னால் அனுப்பியது. இரவு கணக்குப் பார்த்தால் நாலாயிரம் குறைந்தது. கேஷியர் சின்னப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம். கைக்காசில் கட்ட வேண்டும் என்று தெரிந்து முகம் வெளுத்துவிட்டது. சீட்டுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பத்தே முக்காலுக்கு, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதில் கணக்கில் ஏறாமல் போன ஒரு படிவம் கிடைத்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது, அன்று முழுக்க என் நண்பரின் பதவி ஞாபகத்துக்கே வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. மறுநாளும் தெரியாது. பல வாரம் கழித்துத்தான் உறைத்தது.

2017 ஏப்ரலில் ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். பழைய கிளையில் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"சார், அந்தப் பாலிசிப் பணம் வந்துருச்சு. லோன்ல கட்டிட்டேன். பாப்பா படிப்பு முடிஞ்சிருச்சு, வேலைக்குப் போறா."

அன்றைக்குச் செய்தது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஐந்து வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்பவே தெரியும் சார்" என்றார். அப்புறம், பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "இப்ப நீங்க பெரிய ஆபீசரா இருப்பீங்களே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. மேனேஜர்தான்."

போனை வைத்தேன். கேஷியர் தன் சாவியோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.