தங்கம் தனியாக வருவதில்லை

கர்நாடகாவில் ராய்ச்சூர் பக்கம் ஹட்டி சுரங்கத்தில் நிலவியல் வேலை பார்த்தபோது, ஊருக்குப் போனால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா? பார்த்திருக்கிறேன், ரொம்ப அபூர்வமாக. டன்னுக்குச் சில கிராம் இருந்தாலே நல்ல தாது என்கிற தொழில் இது. அதனால் நாங்கள் தேடியது பெரும்பாலும் தங்கத்தின் கூட்டாளிகளைத்தான்.

முக்கியமான கூட்டாளி ஆர்செனிக். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், கரும்பச்சைப் பாறை மெல்லப் பழுப்பேறி பயோட்டைட் என்கிற மைக்கா கனிமமாக மாறுவது தெரியும். அப்புறம் குவார்ட்ஸ் பட்டையின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஊசி ஊசியாக ஆர்செனோபைரைட் என்கிற ஆர்செனிக் கனிமம் மின்னும். சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசனை. நின்று முகர்ந்து பார்க்கிற வாசனை அல்ல, ஆனால் அது வந்துவிட்டால் அந்தத் துண்டு கட்டாயம் ஆய்வகத்துக்குப் போகும்.

ஏன் இவை சேர்ந்தே கிடக்கின்றன? சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழத்திலிருந்து விரிசல்கள் வழியே ஏறிய சுடுநீரில், தங்கம் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரைந்து வந்தது. ஆர்செனிக்கும் அதே நீரில் வந்ததுதான். வழியில் இரும்பு நிறைந்த பாறை எதிர்ப்பட்டால் கந்தகம் இரும்போடு சேர்ந்து சல்பைடு கனிமமாகிவிடும், பிடி போன தங்கம் அங்கேயே தங்கிவிடும். நில அதிர்வில் விரிசல் சட்டென்று திறந்து அழுத்தம் விழுந்தாலும் அப்படித்தான்.

அமெரிக்காவின் நெவாடாவில் கார்லின் பகுதியில் இந்த உறவு இன்னும் நெருக்கம். அங்கே ஆர்செனிக் கலந்த பைரைட் என்கிற இரும்பு சல்பைடின் படிகத்துக்குள்ளேயே தங்கம் அடங்கிக் கிடக்கிறது, சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாது. ஆன்டிமனி, பாதரசம், தாலியம் எல்லாம் கூடவே வரும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலாரில் டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் கூடவே வந்தது. வெளிச்சத்தில் குவார்ட்ஸோடு குவார்ட்ஸாகக் கிடக்கும் அதன் மேல் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் வெளிர்நீலமாக ஒளிரும். என்னைக் கேட்டால் தங்கத்தைவிட அதுதான் அழகு.

ஆர்செனிக் இருக்கிற இடமெல்லாம் தங்கம் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் தாதுவைச் சுற்றி ஆர்செனிக் பெரும்பாலும் தங்கத்தைவிட அகலமாகப் பரவியிருக்கும். ஆய்வக ரிப்போர்ட்டில் தங்கத்தின் கட்டத்தை மட்டும் பார்த்து, ஒன்றுமில்லை என்று துளையை மூடிவிட்டுப் போகிறவர்களிடம் நான் சண்டையே போடுவேன். ஆர்செனிக் ஏறியிருக்கிறதா பாருங்கள், ஏறியிருந்தால் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்து அடுத்த துளையை அங்கே போடுங்கள்.