கால்பொறியில் பிடி உறுதியாக விழ நான் மாற்றிக்கொண்டவை

செந்நரிக்கும் கயோட்டிக்கும் (வட அமெரிக்காவின் சிறு ஓநாய் போன்ற விலங்கு) கால்பொறி, அதாவது நடுவிலுள்ள தட்டை மிதித்ததும் இரண்டு தாடைகள் மூடிக் காலைப் பிடிக்கும் பொறி, வைக்க உரிமம் எடுத்தவர்கள் முதல் பருவத்தில் புலம்புவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: பொறி அடித்துக் கிடக்கிறது, விலங்கைக் காணோம். தாடைகளுக்கு நடுவே நாலு ரோமம் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. உடனே கவர்ச்சி வாசனையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த புட்டியை வாங்கப் போவார்கள். விலங்கு வந்து பொறியை மிதித்திருக்கிறது என்றால் வாசனை தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதானே பொருள்? மிச்சமெல்லாம் இரும்பிலும் மண்ணிலும் இருக்கிறது. எனக்குப் பிடி நிற்கத் தொடங்கியது அங்கே கையை வைத்த பிறகுதான்.

நல்ல பிடி என்பது முன்னங்காலின் பாத மெத்தைக்குச் சற்று மேலே குறுக்காக விழுவது. அங்கே பிடித்தால் கால் நழுவாது, தாடைக்குள் தேய்ந்து தோல் கிழியும் வாய்ப்பும் குறைவு. இரண்டு விரல்கள் மட்டும் மாட்டினால் விலங்கு இழுத்து இழுத்து விரலை உடைத்துக்கொள்ளும், அல்லது நொண்டிக்கொண்டு தப்பிவிடும். ஆக, உறுதியான பிடியும் காயம் குறைந்த பிடியும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. கால்பொறி என்றாலே பல் வைத்த பழைய இரும்பு வாய் நினைவுக்கு வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: 1982 முதல் மிசௌரி மாநிலத்தில் மீண்டும் கொண்டுவந்து விட்ட நீர்நாய்கள் லூசியானாவில் கால்பொறியில் உயிரோடு பிடிபட்டவை. எதிர்ப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் விதி போட்டு இந்தப் பொறியைத் தடை செய்தது. அதனால் உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் இரும்பைத் தொடாதீர்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதலில் பொறி வைக்கவே சொல்லித்தரவில்லை. அடித்துக் கிடக்கும் வெறும் பொறியின் முன் குந்த வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கத் தாடையோரம் மட்டும் மண் பறிக்கப்பட்டிருந்தால், பொறி காலடியில் ஆடியிருக்கிறது. விலங்குக்குச் சந்தேகம் வந்து தோண்டியிருக்கிறது. தாடைகள் ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டிருந்தால், மண்ணைச் சரியாகச் சலிக்கவில்லை. இரண்டு மூன்று ரோமமும் நகம் உரசிய கீறலும் மட்டும் என்றால், தட்டு மிக லேசாக விழுந்து விரல் நுனியைப் பிடித்திருக்கிறது. இப்படிப் படிக்கப் பழகினால் அடுத்து எதைத் திருத்த வேண்டும் என்பது அந்தக் குழியிலேயே எழுதியிருக்கும்.

முதலில் இரும்பு. புதுப் பொறி எண்ணெய்ப் பூச்சோடு வரும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெயை எடுத்து, மெல்லிய துரு ஏறும்வரை வெளியே தொங்கவிட்டு, பிறகு லாக்வுட் மரச்சாயத்தில் கொதிக்கவைத்தேன். கடைசியில் உருக்கிய மெழுகில் முக்கல். பொறி மெழுகின் சூட்டுக்கு வரும்வரை உள்ளேயே இருந்தால் படலம் மெல்லிசாக ஒட்டும். அவசரப்பட்டு எடுத்தால் தடித்துச் செதில் செதிலாக உதிரும். மெழுகு தீப்பிடிக்கும், ஈரப் பொறியைப் போட்டால் பொங்கும். வீட்டுக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மெழுகு ஏறிய பிறகு பலர் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. மிதிதட்டின் வெட்டிலும், விரித்த தாடையை அழுத்திப் பிடித்தபடி அதில் போய் உட்காரும் சின்ன நாக்கின் நுனியிலும் படிந்த மெழுகைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த இடம் வழுக்கினால் தட்டு எந்த எடைக்கு விழும் என்று சொல்லவே முடியாது. நாக்கின் நுனியையும் வெட்டையும் அரத்தால் ராவிச் சதுரமாக்கினேன். பொறியை விரித்துவைத்து, தாடைகளுக்குள் போகாமல் அடியிலிருந்து கை கொடுத்துத் தட்டைக் கீழே இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: முன்பு அது கரகரவென்று இழுபட்டு இறங்கியது, இப்போது ஒரு கணம் தாங்கி, பட்டென்று விழுகிறது. விரித்த நிலையில் தட்டு தாடைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே தூக்கியிருந்தால் நாக்கை நெம்பிச் சரிசெய்யலாம்.

தட்டு விழும் எடை அடுத்தது. பொறி எவ்வளவு லேசாக அடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். உண்மை தலைகீழ். நாய்க் குடும்பத்து விலங்கு காலை வைக்கும்போது முதலில் சும்மா தொட்டுப் பார்க்கும், பிறகுதான் எடையை இறக்கும். தொட்டதுமே தட்டு விழுந்தால் விரல்கள்தான் மாட்டும். எடை முழுதாக இறங்கிய பிறகு விழுந்தால் பாதம் தாடைகளுக்குள் ஆழமாக இருக்கும். சட்டென்று பின்வாங்கவும் முடியாது. செந்நரிக்கு ஏறத்தாழ 900 கிராம், கயோட்டிக்கு 1.8 கிலோ என்று தட்டின் திருகை இறுக்கி வைக்கிறேன். இன்னொரு லாபம், ஸ்கங்க் மாதிரிச் சின்ன விலங்குகள் மேலே நடந்துபோனாலும் பொறி பேசாமல் இருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டது மண்ணில் உட்காரவைப்பதுதான். பொறியைவிடக் கொஞ்சமே பெரிய குழி. மூடிய பிறகு தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் அளவு ஆழம். அடிமண்ணைத் தளர்த்தி, பொறியை வைத்து, லேசாகத் திருகி உட்காரவைத்து, தாடைகளுக்கு வெளியே சுற்றிவர விரல் நுனியால் மண்ணைக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத் தாடையை வெளிப்புறத்தில் அழுத்து, எதிர்ப்பக்கம் எழும்புகிறதா பார். வில்லின் நெம்புகோல்களை அழுத்து, மறுபடி பார். தலைமுடி அளவு அசைந்தாலும் எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து. பெரியவர் தன் முறைக்கு வந்து கட்டைவிரலால் அழுத்துவார். அசைந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், பொறியைப் பிடுங்கி என் கையில் கொடுப்பார். அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கால் மெத்தைக்குக் கீழே தரை அசைவதை உணரும் விலங்கிடம், தரை போலவே உட்கார்ந்திருக்கும் இரும்புதான் செல்லுபடியாகும்.

தட்டின் அடியில் மட்டும் மண் சேரக்கூடாது. அங்கே மண் போனால் தட்டு விழ இடமிருக்காது. உறைபனி என்றால் கல்லாகவே ஆகிவிடும். கொஞ்சம் செயற்கைப் பஞ்சை அடியில் திணித்துவிட்டு, மேலே சலித்த மண்ணை மெல்லிசாகத் தூவுவேன். பனிக்காலத்தில் மெழுகு கலந்த மண் உதவும். உலர்ந்த பாசிக்கரி மண்ணும் நல்லதுதான், நிறம் மட்டும் காட்டிக்கொடுக்கும். மேலே ஒரு படலம் அந்த இடத்து மண் வேண்டும்.

இடம் பற்றிச் சுருக்கமாக. ஏதோ ஒரு விலங்கு இரையைப் புதைத்துவைத்தது போல சாய்வாக ஒரு சின்னத் துளை, உள்ளே வாசனை. துளையின் முதுகுப் பக்கத்திலிருந்து காற்று வீச வேண்டும். தட்டின் நடு துளையின் விளிம்பிலிருந்து நரிக்கு 6, 7 அங்குலம், கயோட்டிக்கு 7 முதல் 9. நேர்கோட்டிலும் வைக்காமல் ஓரிரு அங்குலம் பக்கவாட்டில் தள்ளி. மூக்கு நடுவில் இருக்கும்போது கால்கள் இரு பக்கமும்தானே ஊன்றியிருக்கும்? இரண்டு மண்கட்டிகளை இருபுறமும் வைத்தால் அவற்றின் மேல் மிதிக்க விரும்பாமல் நடுவில் காலை வைக்கும்.

பிடித்த பிறகு வைத்திருப்பது சங்கிலியின் வேலை. சங்கிலி பொறியின் அடித்தட்டின் நடுவிலிருந்து புறப்பட வேண்டும். பக்கத்திலிருந்து இழுத்தால் கால் முறுக்கும். முறுக்காமல் சுழலும் இணைப்புகள் குறைந்தது இரண்டு, குதித்து இழுக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஒரு வில். நீளச் சங்கிலி தயவு போலத் தெரியும், ஆனால் அது ஓடி வேகமெடுக்க இடம் கொடுக்கிறது. தாடையின் விளிம்பு அகலமாக இருக்கப் பக்கவாட்டில் கம்பி பற்றவைத்து வழவழப்பாக ராவினேன், அழுத்தம் பரவுகிறது. இளகிய மண்ணில் சங்கிலியைக் கட்ட ஒற்றை முளையை நம்புவதில்லை, குறுக்காக இரண்டு அடிக்கிறேன்.

பொறிகளைத் தினமும் விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். பல இடங்களில் சட்டமே அதுதான். சட்டம் இல்லாவிட்டாலும் நேரம் கூடக் கூட காயமும் தப்புதலும் கூடும். வழிதவறி வந்த நாய் மாட்டினால் விடுவிக்க, கழுத்தில் போடும் சுருக்குக் கம்பு எப்போதும் வண்டியில் இருக்கிறது. ரக்கூனுக்குக் கால்பொறியே வைப்பதில்லை. மாட்டிய கையைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு; கையை உள்ளே விட்டு இழுத்தால் மட்டும் அடிக்கும் குழாய்ப் பொறி அதற்குத் தனியாக இருக்கிறது.

பொறியை விரித்த நிலையில் நாக்கு மேலே கிடக்கும் தாடை துளைப் பக்கம் இருக்க வேண்டுமா, எதிர்ப்பக்கமா என்று இரண்டு பேர் சந்தித்தால் சண்டைதான். தாடை எழும்போது பாதத்தை வெளியே தள்ளிவிடும் என்பார்கள். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தேன். பொறி ஆடாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எந்தப் பக்கம் முளையடிக்க வசதியோ அந்தப் பக்கமே வைக்கிறேன்.