ராக் கிராலர் வண்டி: காசை எதில் போட்டேன், எதைத் தள்ளிவைத்தேன்

ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓட்டும் கார்) என்றதும் பலருக்குச் சீறிப் பாயும் வண்டிதான் நினைவுக்கு வரும். ராக் கிராலர் அதற்கு நேர் எதிர். நாம் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகப் போய், சக்கரத்தைப் பாறையில் அழுத்திப் பிடித்து, அங்குலம் அங்குலமாக ஏற வேண்டிய வண்டி அது. அதனால் பாகம் வாங்கும்போது ‘பவர்’ என்று யோசிக்க ஆரம்பித்தால் காசு போகுமே தவிர வண்டி ஏறாது. நான் பார்ப்பது மூன்றே விஷயம்தான். தொட்டவுடன் துள்ளாமல் உருள வேண்டும், விட்டவுடன் நிற்க வேண்டும், சக்கரம் இடுக்கில் மாட்டியிருக்கும்போதும் ஸ்டீயரிங் திரும்ப வேண்டும்.

என்னிடம் இருப்பது ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 டூ. 2016-இல் வந்த மாடல், பத்தில் ஒரு பங்கு அளவு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 313 மி.மீ. அதைவிடப் புதிய சேஸிஸ்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் இதற்குக் கிடைக்கும் பாகங்கள் ஏராளம், பிரித்துப் பூட்டுவதும் எளிது. ரோலராக வாங்கினேன், அதாவது சேஸிஸ், அச்சு, கியர்பாக்ஸ், ஷாக் எல்லாம் உண்டு, மோட்டாரும் எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இதை வாங்கியதற்கே காரணம்.

முதல் செலவு டயருக்கு. இதில் எனக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் பாறையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெயிலிலும் மழையிலும் உருண்டு திரண்ட பாறை, டயரின் கட்டைகள் மாட்டிக்கொள்ள விளிம்பே இருக்காது. அதனால் இங்கே கட்டை பெரிதாக இருப்பதைவிட ரப்பர் மென்மையாக இருப்பதுதான் முக்கியம். 1.9 அங்குல ரிம்முக்கு ஏற்ற, 120 மி.மீ. உயரத்துக்கு ஒட்டிய மென்ரப்பர் டயர் ஒரு செட் எடுத்தேன். ரிம் பீட்லாக் வகை. டயரின் ஓரத்தை வளையம் வைத்து ஸ்க்ரூவால் இறுக்குவது, பசை வேண்டாம். பசை இல்லை என்றால் உள்ளே இருக்கும் ஃபோமை நினைத்தபோது மாற்றிப் பார்க்கலாம், அதுதான் எனக்கு வேண்டியது.

ஃபோம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கிராலர் டயருக்குள் காற்றழுத்தம் கிடையாது. ரிம்மிலோ டயரிலோ ஓட்டை இருக்கும், அழுத்தினால் காற்று வெளியே போய்விடும். வண்டியின் எடையைத் தாங்குவது ஃபோம் மட்டுமே. அது கடினமாக இருந்தால் டயர் பாறையின் மேல் ஒரு புள்ளியில் நிற்கும். ரொம்ப மென்மையாக இருந்தால் சரிவில் பக்கவாட்டாக மடங்கி வண்டியைக் கவிழ்த்துவிடும். உள்பக்கம் கெட்டியாகவும் வெளிப்பக்கம் மென்மையாகவும் இருக்கும் இரண்டடுக்கு ஃபோம் போட்ட பிறகு, டயர் பாறைமேல் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் படிந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. முன்பு சறுக்கிய அதே பாறையில் அதே வண்டி, கியர் எதையும் தொடாமலே ஏறியது. ஒன்று மட்டும்: பாறைமேல் பொடிந்து கிடக்கும் கிரானைட் மணல் இருந்தால் எந்த டயரும் நிற்காது. ஓட்டும் முன் ஒரு பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் நல்லது.

அடுத்தது எடை. கிராலரில் எடை கூட்டுவது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் எங்கே கூட்டுகிறோம் என்பதுதான் விஷயம். செங்குத்தாக ஏறும்போது எடை பின்னால் சாயும், முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் காற்றில் திரும்பும். அதனால் எடை தாழ்வாகவும் முன்னாலும் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றை முன் அச்சுக்குக் கீழும், அதே உயரத்துக்கு ஒரு புத்தகக் கட்டைப் பின் அச்சுக்குக் கீழும் வைத்து அளந்தேன். பாடியும் பேட்டரியும் சேர்த்து மொத்தம் 2.3 கிலோ, முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. முன்பு வைத்திருந்தவர் பேட்டரித் தட்டைப் பின் அச்சுக்கு மேலே வைத்திருந்தார். அதை முன்னால், சர்வோவுக்கு (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டி) மேலே கொண்டுவந்தேன். ஸ்டீயரிங் நக்கிள்களை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகங்களை, பித்தளைக்கு மாற்றினேன்.

ரிம்முக்குள் போடும் பித்தளை வளையம் கடையில் கிடைக்கிறது, ஆனால் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் மனசு வரவில்லை. எங்கள் ஊர் லேத் பட்டறையில் அளவு கொடுத்தேன்: வெளி விட்டம் 40, உள் விட்டம் 28, அகலம் 15 மி.மீ. “என்னப்பா இது, புஷ்ஷா?” என்றார் பட்டறை அண்ணன். “இல்லண்ணே, பொம்மை வண்டிச் சக்கரத்துக்கு வெயிட்டு” என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “அப்ப ரெண்டுக்கும் எடை ஒண்ணா இருக்கணுமே” என்று சொல்லி, இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, கனமானதை இன்னொரு முறை லேசாகச் சீவினார். நான் கேட்காமலே செய்தது. ஒவ்வொன்றும் 82 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. இப்போது வண்டி 2.6 கிலோ, அதில் 60 சதவீதம் முன் அச்சில். பின் சக்கரத்துக்கு வளையம் போடவில்லை, போடப் போவதும் இல்லை.

இனி எலக்ட்ரானிக்ஸ். இதில் பலரும் மோட்டாரிலிருந்து தொடங்குவார்கள். நான் சர்வோவிலிருந்து தொடங்கினேன், காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் இரண்டு டிஃபரென்ஷியலும் பூட்டியவை. ஒரே அச்சில் இருக்கும் இரு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். பாறைக்கு அது அவசியம், ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் மற்றது இழுக்கும். ஆனால் திரும்பும்போது டயர் தரையில் தேய்ந்துகொண்டுதான் திரும்பும். அதோடு மென்ரப்பரும் பித்தளை எடையும் சேர்ந்துவிட்டன. அத்தனை பாரமும் ஸ்டீயரிங் சர்வோவின் தலையில்.

சர்வோவின் மேல் 25 கிலோ, 35 கிலோ என்று போட்டிருப்பது கிலோ-சென்டிமீட்டர் கணக்கு. அதாவது அச்சிலிருந்து ஒரு செ.மீ. தூரத்தில் அவ்வளவு கிலோ. சர்வோவின் அச்சில் மாட்டும் கையின் நீளம் 2 செ.மீ. என்றால் 35 கிலோ சர்வோ தள்ளுவது 17.5 கிலோதான். 1.5 செ.மீ. ஓட்டையில் மாட்டினால் 23 கிலோவுக்கு மேல் வரும், ஆனால் திரும்பும் கோணம் குறையும். நான் எடுத்தது 35 கிலோ வகை, எல்லாப் பல்லும் உலோகம், 25 பல் ஸ்ப்ளைனில் (பல் வெட்டிய அச்சு முனை) அலுமினியக் கை. உள்ளே இருக்கும் ஓட்டையில் மாட்டிப் பார்த்தேன், முழுக்கோணம் வந்தது, அங்கேயே விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் கையை மட்டும் வைக்காதீர்கள். அது வளையும்போது சர்வோவின் பலமெல்லாம் அந்த வளைவிலேயே போய்விடும்.

பெரிய சர்வோ வாங்கினால் அதற்குக் கரண்ட் யார் கொடுப்பது என்ற கேள்வி அடுத்து வரும். முழுக்கத் திரும்பி, சக்கரம் நகர முடியாமல் மாட்டிக்கொண்டால், இந்த அளவு சர்வோ 4 ஆம்பியர் வரைகூட இழுக்கும். பெரும்பாலான ஈ.எஸ்.சி.க்குள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பி.இ.சி., அதாவது ரிசீவருக்கும் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பலகை) சர்வோவுக்கும் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி, 3 ஆம்பியர் அளவில்தான் தரும். என்ன நடக்கும் என்பதை நண்பர் ஒருவரின் வண்டியில் நேரில் பார்த்திருக்கிறேன். இடது சக்கரம் வெடிப்பில் மாட்டியிருந்தது, அவர் முழுக்கத் திருப்பினார். ரிசீவரின் சிவப்பு விளக்கு ஒரு கணம் அணைந்து மீண்டும் எரிந்தது. அந்த ஒரு கணத்தில் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் மறுபடி தொடங்கியிருக்கிறது. பிரேக் விட்டுப்போய் வண்டி பாறையிலிருந்து பின்னால் உருண்டது. ரிமோட் கெட்டுவிட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ரிசீவரில் செருகும் கெப்பாசிட்டர் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தீர்க்காது.

அதனால் தனி பி.இ.சி. ஒன்று வாங்கினேன், 10 ஆம்பியர் வரை தாங்குவது, 7.4 வோல்ட்டுக்கு அமைத்தது. அதன் உள்ளீட்டை நேரே பேட்டரிக் கம்பியில் சாலிடர் செய்தேன். வெளியீட்டின் சிவப்பும் கறுப்பும் சர்வோவுக்கு. ரிசீவரிலிருந்து சர்வோவுக்குப் போவது சிக்னல் கம்பியும் கறுப்புக் கம்பியும் மட்டும். சிவப்பை எடுத்துவிட்டு முனைக்கு ஹீட்-ஷ்ரிங்க் போட்டேன். கறுப்பு பொதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வோ நடுங்கும். ரிசீவருக்கு மட்டும் ஈ.எஸ்.சி.யின் சொந்த பி.இ.சி. போதும். இப்படிப் பிரித்துவிட்டால் சர்வோ எவ்வளவு இழுத்தாலும் ரிசீவருக்குத் தெரியாது.

ஈ.எஸ்.சி.க்கு ஹாபிவிங் குயிக்ரன் 1080 எடுத்தேன். பிரஷ்டு மோட்டாருக்கு உரியது, 80 ஆம்பியர், 2எஸ், 3எஸ் லிப்போ (இரண்டு செல், மூன்று செல் பேட்டரி) இரண்டுக்கும் பொருந்தும். இதில் எனக்குப் பிடித்தது, சின்ன கார்டு ஒன்றைச் செருகி டிராக் பிரேக்கை நம் விருப்பத்துக்கு அமைக்கலாம் என்பது. டிராக் பிரேக் என்றால், விரலை எடுத்தவுடன் மோட்டாரே பிடித்துக்கொள்ளும் பிரேக். நான் 100-இல் வைத்திருக்கிறேன். சரிவில் நிறுத்திவிட்டு அடுத்த சக்கரத்தை எங்கே வைப்பது என்று நடந்துபோய்ப் பார்க்க முடிகிறது. தொடக்க வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டேன்.

மோட்டாரில் நான் பார்த்தது டர்ன் எண்ணிக்கை, அதாவது உள்ளே கம்பி எத்தனை சுற்று என்பது. டர்ன் கூடினால் வேகம் குறையும், அதே இழுவைக்குக் கரண்டும் குறையும். 35 டர்ன், 540 அளவு, ஐந்து ஸ்லாட் ஆர்மேச்சர் (கம்பி சுற்றிய, உள்ளே சுழலும் பாகம்). மூன்று ஸ்லாட் மோட்டாரின் அச்சைக் கையால் சுற்றினால் அங்கங்கே ‘டக் டக்’ என்று பிடிப்பது தெரியும்; மெதுவாக ஓட்டும்போது அதுதான் துள்ளலாக வெளிவரும். ஐந்து ஸ்லாட்டில் அந்தப் பிடிப்பு நன்றாகக் குறைவு. கடைக்காரர் கையில் கொடுத்தால் சுற்றிப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி 3எஸ், 1500 எம்.ஏ.எச். மட்டுமே. பெரிய 2எஸ் 5000 பேட்டரி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை, அந்த எடை முழுவதும் மேலே உட்காரும். 3எஸ்-இல் மோட்டார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும் என்பது உண்மை, அதைச் சமாளிக்க மோட்டார் பினியனில் (மோட்டார் அச்சில் இருக்கும் சின்ன கியர்) ஒரு பல் குறைத்தேன். சின்னது இரண்டு வைத்துக்கொண்டு மாற்றிமாற்றி ஓட்டுவதுதான் எனக்குச் சரியாக வருகிறது. மோட்டாரின் மேல் விரலை வைத்து எடுக்காமல் பிடிக்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆறவிடுவேன். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் இது அடிக்கடி தேவைப்படும். பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

எல்லாம் பூட்டிய பிறகு ரிமோட்டில் செய்யும் ஒரு வேலை உண்டு, காசு செலவில்லாதது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிப் பிடியுங்கள். சர்வோவிலிருந்து ‘ஊம்ம்’ என்று சத்தம் வந்தால், நக்கிள் முட்டி நின்றபிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ரிமோட்டின் எண்ட் பாயிண்ட்டை (ஸ்டீயரிங் எதுவரை திரும்பலாம் என்ற எல்லை) ஒவ்வொன்றாகக் குறையுங்கள், சத்தம் நிற்கும் இடத்தில் விடுங்கள். என் வண்டியில் இடது 88, வலது 93. இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் சர்வோ எரிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ரிசீவர் பலகைக்கு நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட், செருகும் முனைகளை விட்டுவிட்டு. ஓடையோரம் ஓட்டினால் இது போதும், முக்கி எடுக்க அல்ல.

தள்ளிவைத்தவை: எடை குறைந்த அலுமினிய லிங்க் (அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டு), எல்.இ.டி. விளக்கு, வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி). வின்ச் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் எடை சேஸிஸின் மூக்கில், பம்பர் உயரத்தில் தொங்கும். முன் அச்சைச் சற்று வேகமாகச் சுழலவைக்கும் ஓவர்டிரைவ் கியர் நிச்சயம் வாங்குவேன். திரும்பும் வட்டம் குறையும், ஏற்றத்தில் முன் சக்கரம் வண்டியை இழுத்து நேராக்கும்.

அதற்குப் பிறகு பிரஷ்லெஸ், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார். ஹாபிவிங் ஃபியூஷன் எஸ்.இ. என்று மோட்டாருக்குள்ளேயே ஈ.எஸ்.சி. வைத்து வருகிறது, எஃப்.ஓ.சி. (ரோட்டரின், அதாவது சுழலும் பாகத்தின், நிலைக்கு ஏற்பக் கரண்ட் கொடுக்கும்) முறை. ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியும் என்பதால், ஊர்ந்து போகும் வேகத்திலும் துள்ளாது. ஈ.எஸ்.சி. தனியாக இல்லாததால் சேஸிஸில் இடமும் மிச்சம். 1200 கேவி, 1800 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று) என்று இரண்டு இருக்கின்றன. 2எஸ்-இல் ஓட்டுகிறவர்கள் 1800 எடுக்கலாம். எனக்கு 3எஸ் தான், அதனால் 1200 எடுப்பதாக இருக்கிறேன். சர்வோவுக்குத் தனி பி.இ.சி. அப்போதும் அப்படியே இருக்கும்.