வயதானால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

"வயசாயிடுச்சு, இனிமே கொஞ்சமா சாப்பிட்டா போதும்." இதைச் சொல்லாத பெரியவர்களே கிடையாது. ராத்திரிக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, இல்லையென்றால் பாலில் நனைத்த இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். வயிறு லேசாக இருக்கிறது என்கிறார்கள், பிள்ளைகளும் தொந்தரவு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். என் அம்மாவும் எழுபதைத் தாண்டியதும் இந்தப் பழக்கத்துக்கு வந்தபோதுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கவலைதான் கூடியது, ஏனென்றால் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பு எரிக்கும் கலோரி வயதோடு குறையத்தான் செய்கிறது, ஆனால் நாம் நினைப்பதுபோல நாற்பதிலேயே இல்லை. 2021-ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில் பச்சைக் குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை 6,400 பேருக்கு மேல் அளந்து பார்த்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட 50 சதவீதம் அதிகம் எரிக்கிறது. 20-லிருந்து 60 வரை பெரிய மாற்றம் இல்லை. 60-க்குப் பிறகுதான் வருடத்துக்குச் சுமார் 0.7 சதவீதம் என்று மெல்ல இறங்குகிறது. ஆகவே நடுவயதில் போடும் தொப்பைக்கு வயதைக் குறை சொல்ல முடியாது, எண்பதில் சாப்பாட்டின் அளவு கொஞ்சம் குறைவதும் இயல்புதான்.

சிக்கல் எங்கே என்றால், கலோரி குறையும்போது மற்ற தேவைகளும் சேர்ந்து குறைவதில்லை, சிலது ஏறவும் செய்கிறது. முக்கியமாகப் புரதம். முப்பதுகளிலிருந்தே தசை கரைய ஆரம்பிக்கிறது, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. போதாததற்கு, அதே அளவு புரதத்தைச் சாப்பிட்டாலும் வயதான தசை இளம் தசையைப்போல அதை எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், 65-க்கு மேல் 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் பலரும் சொல்கிறார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். கஞ்சியையும் பிஸ்கட்டையும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எப்படி எட்டுவது? நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, படி ஏறுவது, தடுக்கினால் சமாளித்து நிற்பது எல்லாம் தொடைத் தசையை நம்பித்தான் இருக்கிறது, அது போனால் அவர்களுடைய சுதந்திரமே போய்விடும். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.)

வைட்டமின் பி12 இன்னொரு விதம். அது உணவிலிருந்து பிரிந்து வருவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், வயதானால் பலருக்கு அந்த அமிலம் குறைந்துவிடுகிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை, இந்த இரண்டையும் வருடக்கணக்கில் சேர்த்து எடுத்துக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். கால் மரத்துப்போவதையும் மறதியையும் "வயசுக்கோளாறு" என்று தள்ளிவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், தயவுசெய்து.

கால்சியம், வைட்டமின் டி பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் நீட்டவில்லை. எல்லாமே கூடுவதும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரும்புச்சத்துத் தேவை ஒரு நாளைக்கு 18 மில்லிகிராமிலிருந்து 8-ஆக இறங்கிவிடுகிறது.

அப்புறம் ருசி. மூக்கும் நாக்கும் மங்கும்போது நேற்றுவரை பிடித்த பதார்த்தமே சப்பென்று ஆகிவிடுகிறது, உப்பையும் சர்க்கரையையும் கேட்கிறார்கள். பெரியவர்கள் அடம் பிடிப்பதாக நினைத்து யாரும் சண்டை போட வேண்டாம், அவர்களுக்கு நிஜமாகவே ருசி தெரியவில்லை. புளிப்பு, மிளகு, வாசனை இலைகள் சேர்த்தால் உப்பைக் கூட்டாமலே கொஞ்சம் சமாளிக்கலாம். பல் போனவர்கள் முதலில் விடுவது கறியையும் கொட்டை வகைகளையும் பழத்தையும்தான், அதாவது எது வேண்டுமோ அதையே. அரைத்தோ, குழைய வேகவைத்தோ கொடுக்கலாம். தாகமும் சரியாகத் தெரியாது, எனவே கேட்டால்தான் தண்ணீர் என்று இருக்கக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் ஒன்றைத் தடுத்து, கடைசியில் தட்டில் எதுவுமே மிச்சமில்லாத நிலைக்கு எண்பது வயதுக்காரரைக் கொண்டுவந்துவிடுகிறோம். எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வீட்டில் பத்துப் பேர், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட ஒருவரும் இல்லை. தனியாகச் சாப்பிடுபவர்கள் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை அவர்களுடைய எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ இறங்கியிருந்தால், "நல்லா இளைச்சிருக்கீங்க" என்று பாராட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.